காவலை அணைக்க விடாத ஜோதிலட்சுமி அம்மையாருக்கு

அலையளக்கும் கருவிகளுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவூட்டிய அம்மையீர்! செங்கல்பட்டில் அலுவலகப் பேருந்தேறி, மாமல்லபுரக் கடலோரத்து நம் மையத்துக்கு நாள் தவறாது வந்த நற்றுணையே! வணக்கம்.

மீனவருக்கு அலை எச்சரிக்கை அனுப்பும் நம் கணினிகள் யாவும் நீங்கள் எழுதிய நிரலால் இயங்கியவை. சென்ற ஆண்டு புதிய கணினிகள் வந்தன. அலையளக்கும் கருவியை இணைத்த மறுநொடியே, கணினியை இயக்கும் கருநிரலான கெர்னல் முடங்கியது. பதினொரு முறை தொடங்கினோம், பதினொரு முறையும் முடங்கியது. நிரல் தாவிச் சென்று சேரும் இடத்தில் நுழைவுக் குறி இல்லையென்றால், புதிய செயலி அதை அத்துமீறலாகக் கருதி அங்கேயே நிறுத்திவிடும்; அதுதான் அதன் காவல். உங்கள் பழைய நிரலில்தான் பழுது என்று முடிவுகட்டி, அந்தக் காவலையே அணைத்துவிட முனைந்தோம்.

நீங்கள் ஒப்பவில்லை. “காவல நிறுத்தாதீங்க. அது தப்பு பண்ல, தப்ப காட்டிக்கினு கீது” என்றீர்கள். பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று இயக்குநருக்குக் கடிதம் எழுதினோம், எல்லோரும் கையெழுத்திட்டோம். உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு கைநழுவியது. உங்களை உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள்.

அங்கிருந்தும் நீங்கள் விடவில்லை. உணவு இடைவேளைதோறும் ஒவ்வொரு முடக்கத்தின் பதிவையும் வரிவரியாக ஒப்பிட்டீர்கள். எல்லாவற்றிலும் ஒரே முகவரி. அது உங்கள் பழைய நிரலில் இல்லை. இரண்டாண்டுக்கு முன் வேகம் கூட்டுவதற்காக அசெம்பிளி என்னும் அடிமட்டக் கணினி மொழியில் எழுதிச் சேர்த்த சிறு பகுதியில் இருந்தது. எழுதியவர் கையால் இடவேண்டிய குறி அங்கே விடுபட்டிருந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தீர்கள். காவல் அணையாமலே கணினிகள் ஓடின.

அந்தப் பகுதியை எழுதியவள் இம்மடலை வாசிக்கும் ரோகிணியாகிய நான். திருத்தக் குறிப்பில் நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று தனியே வந்து கேட்டேன். “யாரு எழுதுனா இன்னாம்மா, இப்ப ஓடுதுல்ல?” என்றீர்கள். அதன்பிறகும் ஐந்து மாதம் நான் வாய் திறக்கவில்லை. போன வாரம்தான் மற்றவர்களிடம் சொன்னேன்.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று காலை அனைவரும் எழுதிக் கொடுத்தோம். நீங்கள் பணி ஓய்வு பெறும் நாளில் கொடுத்தால் பதவி திரும்பாது என்று தெரிந்தே கொடுத்தோம்.

மடலைச் சட்டமிட்டு விடைபெறுபவர் கையில் தருவது இங்கு வழக்கம். ஆனால் இதை எங்கள் அறைச் சுவரில் மாட்டுகிறோம். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். உங்களிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்கும் துணிவு எங்களுக்கு இல்லை. உடல்நலம் குன்றாமல், உள்ளம் நிறைந்து நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும், அம்மையீர்!

வருத்தத்தோடும் வணக்கத்தோடும்,
ரோகிணி, வெங்கடேசன், பிரிசில்லா,
மற்றும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட அனைவரும்