நான் ஒட்டின கண்

பெயர் கலைப்பிரியா. தகப்பனார் பெயர் சவுரிராயன். வயது 31. விலாசம்: மாதா கோயில் தெரு, ஒலக்கூர், திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம். தொழில்: திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைனர். அனந்தபுரத்தைச் சேர்ந்த ராஜாமணி என்பவர் நேற்று கொடுத்த மனுவில், தன் பேத்தி ஓவியா, வயது பதினொரு மாதம், என்னால் கடத்தப்பட்டதாகக் கூறியிருப்பது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. என் பேச்சை மாற்றாமல் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னதன் பேரில் எஸ்.ஐ. அம்மா அப்படியே எழுதுகிறார்.

மேற்படி ராஜாமணி வீட்டு விசேஷம் எல்லாம் எங்க ஸ்டூடியோவுலதான் எடுப்பாங்க. அவரு மகன் வல்லரசு, மருமகள் இளவரசி. அவங்க மூத்த புள்ள இனியவனுக்கு 2021 டிசம்பர்ல முதல் பொறந்தநாள் நடந்தது. கேமராமேன் எடுத்துக்கினு வந்த போட்டோவை நான் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்தேன். ஃபிளாஷ் அடிச்சா கண்ணு செவப்பா விழும், அது எல்லாருக்கும் விழும், ஒரு தட்டு தட்டினா போயிடும். அந்தப் புள்ளைக்கு வலது கண்ணு செவப்பா இருந்தது, இடது கண்ணு வெள்ளையா மின்னிக்கினு இருந்தது. ஃபிளாஷ் கோளாறுன்னு நெனச்சேன். நல்ல கண்ணை காப்பி எடுத்து, திருப்பிப் போட்டு, வெள்ளைக் கண்ணு மேல ஒட்டினேன். பதினாலு போட்டோவுல ஒட்டினேன். எங்க வேலையே அதுதானே? பரு இருந்தா எடுப்போம், கறுப்பா இருந்தா செவப்பாக்குவோம், அதுக்குத்தான் சம்பளம். ஆல்பம் ரொம்ப அழகா இருக்குன்னு இளவரசி ஒரு டப்பா, வெல்லப்பாகுல புடிச்ச மல்லாட்டை உருண்டை குடுத்து அனுப்புச்சு. நானும் உக்காந்து தின்னேன்.

அதன் பிறகு 2024 பிப்ரவரியில வல்லரசு ஸ்டூடியோவுக்கு வந்தாரு. பொறந்தநாள் போட்டோவுல ஒண்ணைப் பெருசு பண்ணி, மாலை போடுற மாதிரி ஃபிரேம் போட்டுக் குடுக்கச் சொன்னாரு. புள்ள போயிடுச்சு. கண்ணுல கேன்சர், கண்டுபிடிக்கும்போதே மூளைக்கு ஏறிடுச்சாம். நான் கேக்காமலே அவரா சொன்னாரு, "டாக்டர் கேட்டாங்கம்மா, சின்னதுல எடுத்த போட்டோவுல கண்ணு வெள்ளையா தெரிஞ்சுதான்னு. ஆல்பத்தையே தூக்கிக்கினு போய்க் காட்டுனோம். ஒண்ணுல கூட இல்ல." எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. வேலை போயிடும்னு பயம், அடிக்க வருவாங்கன்னு பயம். அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிக் குடுத்ததும் நான்தான். இன்னிக்கும் அந்த வீட்டுக் கூடத்துல மாலையோட தொங்குற படத்துல இடது கண்ணு நான் ஒட்டினது.

இந்த இடத்துல எஸ்.ஐ. அம்மா, "இது இந்தக் கேஸுக்கு வேணாம்மா, உனக்கே பேஜாராயிடும்"னு சொன்னாங்க. ஆனாலும் எழுதணும்னு சொன்னேன், எழுதுனாங்க.

அதன் பிறகு இந்த 2025 ஜூலை 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ஓவியாவோட காது குத்துப் போட்டோ என் கைக்கு வந்தது. தாய்மாமன் மடியில உக்காந்துக்கினு, ஆசாரி கையில இருக்கிற ஊசியைப் பார்த்துப் புள்ள கண்ணை அகலமா முழிச்சிருக்குது. வலது கண்ணு வெள்ளை. அடுத்த படம் பார்த்தேன், வெள்ளை. ஆறு படம். ஓனர் மணிமாறன் சார், "ஜல்தி முடி, சனிக்கிழமை டெலிவரி"ன்னாரு. நான் மவுஸைத் தொடவே இல்ல. வல்லரசுக்குப் போன் போட்டேன். "வெளிச்சம் பட்டிருக்கும், அழகா பண்ணிக் குடும்மா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு.

அதன் பிறகு மறுநாள் ஆறு படத்தையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கினு அனந்தபுரம் போனேன். ராஜாமணி என்னை வாசல்லியே நிறுத்திட்டாரு. "ஸ்டூடியோவுல மூஞ்சிக்குப் பவுடர் அடிக்கிறவ எங்க வம்சத்துக்கு வியாதின்னு சொல்ல வந்துட்டியா? நீ எந்தத் தெருடி?"ன்னு கேட்டாரு. "மாதா கோயில் தெரு. எங்க வேணா எழுதி வச்சிக்கோங்க, புள்ளைய மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொன்னேன். ஆறு படத்தையும் கிழிச்சுப் போட்டாரு. வல்லரசு தரையைப் பார்த்துக்கினு நின்னாரு. இளவரசி ஜன்னல்கிட்ட புள்ளையோட நின்னுது. ஸ்டூடியோ கவர் கீழ கெடந்தது, அதுல என் போன் நம்பர் இருந்தது.

24ஆம் தேதி காலையில ஆறரைக்கு இளவரசி போன் பண்ணுச்சு. "அக்கா, செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். நீங்க வந்தா போறேன், தனியாப் போனா எனக்குப் பேச வராது"ன்னு சொல்லுச்சு. போனேன். இடுப்புல புள்ள, கட்டைப் பையில மூத்தவனோட ஆஸ்பத்திரி ஃபைல். புள்ளையத் தூக்கிக்கினு வந்தது பெத்த தாய், டிக்கெட் எடுத்தது நான். இதுக்குப் பேரு கடத்தலா? பஸ் ஸ்டாண்டுல கேமரா இருந்தா எடுத்துப் பாருங்க.

அதன் பிறகு திண்டிவனத்துல ஒரு டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, உக்காரக் கூட விடாம சென்னைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. சென்னையில கண் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா டாக்டர் மயக்கம் குடுத்துப் பார்த்துட்டு அதே கேன்சர்தான்னாங்க. எங்களுக்குப் புரியிற மாதிரியும் சொன்னாங்க. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ரெண்டா பிரிஞ்சு பிரிஞ்சுதான் வளருதாம். போதும், நில்லுன்னு சொல்றதுக்கு ஒரு புரதம் இருக்குதாம், அதுக்கு ஆர்.பி.ன்னு பேராம். அதைச் செய்யிற ஜீன் அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு வருதாம். ஒண்ணு பொறக்கும்போதே பழுதா வந்து, கண்ணுக்குள்ள இன்னொண்ணும் கெட்டுப்போச்சுன்னா, விசில் அடிக்கக் கண்டக்டர் இல்லாத பஸ் மாதிரி செல்லு பாட்டுக்கு நிக்காமப் பிரிஞ்சிக்கினே போகுமாம். இதுல யாரு மேலயும் தப்பு இல்ல, பாவம் இல்ல, சாபம் இல்லன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

அதன் பிறகு அந்த ஃபைலைப் பிரிச்சாங்க. உள்ள நாலா மடிச்ச ஒரு காகிதம் இருந்தது. மூத்தவனுக்கு வைத்தியம் பார்த்தப்ப அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பழுது அப்பா வழியா வந்திருக்கு, அடுத்த குழந்தை பொறந்த உடனே கண்ணைப் பார்க்கணும்னு அதுல போட்டிருந்ததை டாக்டர் படிச்சாங்க. இளவரசி அந்தக் காகிதத்தைக் கையில வாங்குச்சு. "என் ரத்தம்தான் கெட்ட ரத்தம்னு ரெண்டு வருஷமா சொன்னாங்களே அக்கா"ன்னு கேட்டுச்சு. அந்த ரிப்போர்ட்டை அப்ப ஆஸ்பத்திரியில வாங்கிக்கினு வந்தது ராஜாமணிதானாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், கூட்டுறவு சொசைட்டியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. தெரிஞ்சேதான் மடிச்சு வச்சிருக்காரு. பேரு கெட்டுடும்னு பேத்தி கண்ணை மூடி வச்சாரு. எனக்கு வயிறு எரியுது, அதையும் எழுதுங்க.

இன்னும் கண்ணை விட்டு வெளிய போகல, ஜூலை 28 திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு அட்மிட் பண்ணா உசுருக்கு ஆபத்து இல்ல, கண்ணையும் காப்பாத்தப் பார்க்கலாம், தள்ளிப் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்புனாங்க. அன்னிக்கு ராத்திரி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது ராஜாமணியும் நாலு ஆம்பளைங்களும் நின்னாங்க. இளவரசி கன்னத்துல ஒரு அறை விழுந்தது. புள்ளையப் புடுங்கிக்கினு, அதையும் இழுத்துக்கினு போனாங்க. மறுநாள் மனு குடுத்தாங்க. அதுல இளவரசி கையெழுத்தும் இருக்குது. அது மேல எனக்குக் கோவம் இல்ல, அது அந்த வீட்டுலதான சோறு திங்கணும்?

இன்னிக்கு ஸ்டேஷன்ல ராஜாமணி சமாதானம் பேசுனாரு. காது குத்து ஆல்பத்துல கண்ணைச் சரி பண்ணிக் குடுத்துட்டு, தெரியாமப் பேசிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா மனுவை வாபஸ் வாங்கிக்கிறாராம். முடியாது. கேஸ் போடுங்க, உள்ள வைங்க, ஓனர் வேலையை விட்டு அனுப்பட்டும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஓவியா சென்னையில இருக்கணும். இல்லாட்டி யாரு யாரு தடுத்தாங்கன்னு இந்தக் காகிதத்துல பேரு இருக்குது.

பழைய ஹார்ட் டிஸ்க்ல இனியவனோட பொறந்தநாள் போட்டோ, நான் கண்ணு ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்தபடியே பதினாலும் கெடக்குது. பிரிண்ட் போட்டு இத்துடன் ஒப்படைக்கிறேன். இளவரசிகிட்ட இதை நான் இதுவரைக்கும் சொல்லல. பஸ்ஸுல ஆறு மணி நேரம் பக்கத்துலியே உக்காந்திருந்தும் சொல்லல. அதனால இதைப் படிச்சுக் காட்டும்போது வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிற அதையும் கூப்பிடணும்னு கேட்டேன். கூப்பிட்டாங்க. புள்ளையோட வந்து கேட்டுச்சு. மூத்தவன் போட்டோவை வாங்கி வெள்ளைக் கண்ணு மேல விரலை வச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னுது. என் மூஞ்சியைப் பார்க்கல. அப்புறம் எஸ்.ஐ. அம்மாகிட்ட பேனா கேட்டுச்சு.

மேலே கண்டது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்த உண்மை. எனக்கு எதிராகப் போகும் வரிகளையும் எடுக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

(ஒப்பம்) ச. கலைப்பிரியா
26.07.2025

உடனிருந்து கேட்ட சாட்சி:
(ஒப்பம்) வ. இளவரசி, ஓவியாவின் தாய். இனியவனின் தாய்.