மகாராணிக்குப் போட்டது எந்த ஊசி?

தலைமைப் பொறுப்பையும் இந்தத் தேக்கு நாற்காலியையும் ஒருசேர நிறைத்து வீற்றிருக்கும் நம் பால் சங்கத் தலைவர் அவர்களே! மாடு உதைத்தாலும் மனம் உடையாத, வால் வீசினாலும் வசை பேசாத கால்நடை மருத்துவர்களே! ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து, எங்கள் கொட்டகைச் சாணத்தில் வழுக்கி விழுந்தும் சிரித்த முகத்தோடு எழுந்த அறிஞர் பெருமக்களே! அனுபவம் நிறைந்த பெரியோர்களே! கறப்பதற்கு முன் மடியைக் கழுவி, கறந்து முடித்த பின் கணவனைக் கழுவி ஊற்றும் தாய்மார்களே! தூங்குவதற்குத் தோதாகத் தூண் பார்த்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் எந்த இடத்தில் உளறப் போகிறேன் என்று காத்திருக்கும் என் இல்லத்தரசியே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கித் தொடங்குகிறேன்.

இரண்டு நிமிடம் என்று சொல்லித்தான் மேடையேற்றினார்கள். என்ன தலைவரே, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறீர்கள்? வையுங்கள், வையுங்கள். அது ஓடட்டும், நானும் ஓடுகிறேன். யார் முந்துகிறார்கள் என்று பார்த்துவிடுவோம்!

நான் யார்? பதினொரு மாடுகளுக்கு வேலைக்காரன். எட்டாம் வகுப்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கியவன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு மகள். அதோ, மேடையின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்கிறாளே, அவள்தான். கால்நடை இனப்பெருக்க ஆராய்ச்சியாளர். முனைவர். இந்தத் தடுப்பூசி ஆய்வை மூன்று ஆண்டுகள் நடத்தியவள். அந்த ஆய்வைப் பாதியில் கவிழ்க்கப் பார்த்த பெருமகன் யார் தெரியுமா? யாரோ எதிரியா? யாரோ அந்நியனா? இல்லை ஐயா, இல்லை! உங்கள் முன்னால் நிற்கும் நானேதான்!

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கேளுங்கள்.

சினை மாடு வைத்திருப்பவனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஏழாம் மாதம். வயிற்றில் கை வைத்தால் உள்ளேயிருந்து உதைக்கிறது கன்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வைக்கோலின்மேல் ஈரமாய், கண் திறக்காமலேயே கிடக்கிறது. தாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கிறது. ‘மாடு கன்று வீசிவிட்டது’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். மூன்று சொல்லிலா முடிகிறது அந்தத் துயரம்? கன்று வீசவைக்கும் அந்தத் தொற்று நம் வட்டாரத்தில் எத்தனை கொட்டகைகளைக் காலி செய்தது!

அதற்குத்தான் தடுப்பூசி வந்தது. வந்த ஊசியை நம்பலாமா என்று பார்க்கத்தான் ஆய்வு வந்தது. நானூறு மாடுகள். இருநூறுக்கு மருந்து, இருநூறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒரே மாதிரிக் குப்பி, ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி உதை! எந்த மாட்டுக்கு எது? போட்டவருக்கும் தெரியாது, பிடித்தவனுக்கும் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. விடை ஒட்டிய உறைக்குள், உறை இரும்புப் பெட்டிக்குள், பெட்டியின் சாவி ஆய்வோடு சம்பந்தமே இல்லாத மூன்று பேரிடம்.

ஆனால் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்! ஏனென்றால் என் கறவை ஒன்று, மகாராணி என்று கூப்பிடுவோம், தீவனம் தாமதமானால் தொட்டியையே கவிழ்ப்பவள், அவளுக்கு ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. உப்புத் தண்ணீருக்கு வீங்குமா? மருந்துதான்! சந்தேகமே இல்லை! எட்டாம் வகுப்பு ஆராய்ச்சியாளன் ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டான். இரண்டு மாதம் கழித்து, காளைக்குப் பதிலாகப் போடும் சினை ஊசியைப் போட்டோம், சினை பிடித்தது. ஏழாம் மாதம், ஒரு காலை, மகாராணி கன்று வீசிவிட்டாள்.

மகள் வந்தாள். மகளாகவா வந்தாள்? முழங்கால் வரை காலணி, முழங்கை வரை கையுறை, பனிக்கட்டிப் பெட்டி, கையில் படிவம். என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்கிறாள்:

“மாட்டோட உரிமையாளர் படிப்பு?”

“ஏம்மா, உனக்குத் தெரியாதா?”

“படிவத்துல நீங்கதான்பா சொல்லணும்.”

“எட்டு.”

சமையற்கட்டிலிருந்து என் இல்லத்தரசி குரல் கொடுத்தாள்: “ஏழரைன்னு போடுடி. கடைசிப் பரீட்சை எழுதவே இல்ல அந்த மனுஷன்.”

அடுத்த கேள்வி: “கடைசி மூணு மாசத்துல கொட்டகைக்கு வெளி மாடு எதுவும் வந்துச்சா?”

“இல்ல” என்றேன். அடித்துச் சொன்னேன். மறுபடியும் சமையற்கட்டுக் குரல்:

“பத்து நாள் இங்க நின்னு தின்னுட்டுப் போச்சே, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கட்டிட்டுப் போன கிடேரி? அது மாடு இல்லாம மர பெஞ்சா?”

இந்த வீட்டில் ஒரு பொய்க்கு ஆயுள் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். நான் நேரே எங்கே போனேன்? இந்த மண்டபத்துக்கு! இதே ஒலிபெருக்கிக்கு! என்ன முழக்கம்! என்ன முறுக்கு! “ஊசியா இது? உயிர் குடிக்கும் ஈட்டி! மருந்தா இது? மடியை வறட்டும் மாயம்! உப்புத் தண்ணீர் பெற்ற மாடுகள் ஊஞ்சலாடுகின்றன, மருந்து பெற்ற என் மகாராணி மண்ணில் சாய்ந்தாள்!” நீங்கள் கை தட்டினீர்கள். நீங்கள்தானே? அந்தப் பக்கம் ஏன் திரும்புகிறீர்கள்? ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பேர் ஆய்வைவிட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டீர்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

நாற்பத்து மூன்று வீட்டு மாடுகளும் விலகினால் ஆய்வு முடிந்தது. என் மகளுடைய உழைப்பு குப்பையில். ஊசி நல்லதா கெட்டதா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலைக் கறவைக்கு மகள் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கறவை வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“ஏம்பா, ஊசி கெட்டதுன்னு நினைக்கிறீங்க, அதானே?”

“நினைக்கல. தெரியும்.”

“அப்ப ஏன் அதைக் காப்பாத்தறீங்க?”

“நானா? நானா காப்பாத்தறேன்?”

“கன்னு வீசின மாட்டை ஆய்விலேருந்து கழட்டிட்டா, கணக்குல மிச்சம் இருக்கறது நல்லா இருக்கற மாடுங்கதான். ஊசி தங்கம்னு முடிவு வரும். கெட்டது நடந்த மாடுதான்பா கணக்குல கண்டிப்பா இருக்கணும். ஊசிதான் காரணம்னா முதல் ஆளா நானே எழுதறேன். ஆனா எழுதறதுக்கு உங்க மாடு வேணும்.”

ஐயா, என் மூளைக்குள் மணி அடித்தது! என்னது, நான் விலகினால் ஊசி தப்பித்துவிடுமா? விடுவேனா? கையெழுத்துத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மற்ற நாற்பத்திரண்டு வீட்டு வாசலையும் மிதித்தேன். “ஓடாதீங்கப்பா! நாம ஓடினா ஊசி ஜெயிச்சுடும்! உள்ளயே இருந்து அதை மாட்டிவிடுவோம்!” என்றேன். அறிவியலின்மேல் அன்பு கொண்டா ஆய்வில் நீடித்தேன்? இல்லை, பழிவாங்கத்தான் நீடித்தேன்!

அதன்பிறகு என் பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும். மாடு தும்மினால் எழுதினேன். மாடு கால் மாற்றி நின்றால் எழுதினேன். ‘இன்று மாலை என்னை முறைத்தது’ என்றுகூட எழுதியிருக்கிறேன். நம் வட்டாரத்திலேயே நேர்த்தியான பதிவேடு என்னுடையதுதான் என்று ஆராய்ச்சி நிலையத்தில் பாராட்டினார்களாம். கோபத்துக்கு அவ்வளவு நல்ல கையெழுத்து!

போன மாதம் இதே மண்டபத்தில் உறைகளைப் பிரித்தார்கள். ஒவ்வொரு மாட்டின் எண்ணாக வாசித்தார்கள். மகாராணியின் எண் வந்தது. நான் மார்பை நிமிர்த்தி எழுந்து நின்றேன், தீர்ப்பைக் கேட்க. சாவி வைத்திருந்த மூவரில் ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்:

“உப்புத் தண்ணீர்.”

நான் உட்காரவில்லை. நாற்காலிதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டது. மண்டபமே என் பக்கம் திரும்பியது. வீக்கம்? ஊசி போட்ட கழுத்தை அவளே தூணில் தேய்த்துத் தேய்த்து வரவழைத்துக்கொண்டது. கன்று வீச்சு? மச்சானின் கிடேரி கொண்டுவந்த தொற்று. மருந்து அவளைக் கெடுக்கவில்லை ஐயா, மருந்து அவளுக்குக் கிடைக்கவே இல்லை! உப்புத் தண்ணீர் பெற்ற இருநூறில் முப்பத்தொரு மாடுகள் கன்று வீசின. மருந்து பெற்ற இருநூறில் ஆறு. முப்பத்தொன்று எங்கே, ஆறு எங்கே! அந்த முப்பத்தொன்றில் என் மகாராணியும் ஒருத்தி. என் கோபத்தில் நான் அவளை விலக்கியிருந்தால், அந்தக் கணக்கில் அவளுக்கு இடமே இருந்திருக்காது.

ஆனால் அதோடு முடிந்ததா? என் மகள் அடுத்த தாளை எடுத்தாள். தடுப்பூசி போட்ட ஒரு மாதத்துக்குள் சினை ஊசியும் போட்ட மாடுகளில் சினை பிடிப்பது குறைந்திருக்கிறது என்று வாசித்தாள். அப்போது நம் தலைவர் அவள் காதருகே குனிந்து, “இதை இன்னைக்கே சொல்லணுமாம்மா? நம்ம ஆளுங்க பயந்து ஊசியே வேணாம்னுடுவாங்க” என்றார். சொன்னீர்களா இல்லையா தலைவரே? ஒலிபெருக்கி அணைக்காமல் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது!

அவள் சொன்னாள்: “பயப்படட்டும் ஐயா. தெரிஞ்சு பயந்தா சினை ஊசியை ஒரு மாசம் தள்ளிப் போடுவாங்க. மறைச்சுப் பின்னால தெரிஞ்சா, அடுத்த ஊசிக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க.”

நான் துள்ளி எழுந்தேன்! “பாத்தீங்களா! ஊசியில குறை இருக்குன்னு நான் சொன்னேன்ல!” என்று கூவினேன். என் இல்லத்தரசி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! எனக்கு எந்த நொடியில் நம்பிக்கை வந்தது தெரியுமா? முப்பத்தொன்றைக் கேட்டபோதா? ஆறைக் கேட்டபோதா? இல்லை! தன் ஊசிக்கு எதிரான சேதியைத் தன் வாயாலேயே அவள் வாசித்தாளே, அந்த நொடியில்! குறையைச் சொல்லும் வாய்தான் நிறையைச் சொல்லும்போதும் நம்பத்தக்கது. நாளைக் காலை ஆறு மணிக்கு ஊசி முகாம். வரிசையில் முதல் மாடு மகாராணி. அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் சினை ஊசி கிடையாது. பிடித்துக்கொள்பவன் நான். உதை வாங்குபவனும் நான்.

என்னம்மா? பச்சைச் சேலை அம்மா, எழுந்து நின்றே கேளுங்கள். உங்கள் மாடு மூன்று மாதச் சினையா? நாளைக்கு ஓட்டி வரலாமா என்றா கேட்கிறீர்கள்?

அம்மா... பழைய ஆளாக இருந்தால் இதற்குள் நான்கு அடுக்குமொழியில் பதில் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது அம்மா. இரண்டு ஆண்டு எட்டாம் வகுப்பிலும் வாயில் வராத சொல், இப்போதுதான் வருகிறது. தெரியாது. முனைவர் அவர்களே, எழுதியது போதும், தலையை நிமிர்த்துங்கள். சினை மாட்டுக்குப் போடலாமா?

என்ன? சத்தமாகச் சொல்லம்மா. அவளுக்கும் தெரியாதாம்! சினை மாடுகளுக்குப் போட்டுப் பார்க்கவே இல்லையாம். அதனால் இப்போது வேண்டாமாம். கன்று போட்டு, அடுத்த சினை ஊசிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது ஓட்டி வாருங்கள் என்கிறாள். கேட்டீர்களா? நானும் தெரியாது என்கிறேன், அவளும் தெரியாது என்கிறாள். ஆனால் என் ‘தெரியாது’ சும்மா வந்தது. அவளுடைய ‘தெரியாது’ நானூறு மாடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தது. எதுவரை எண்ணினோம், எதை எண்ணவில்லை என்று தெரிந்து சொல்லும் ‘தெரியாது’ அது. இந்த மேடையில் நான் முழங்கிய அத்தனை ‘தெரியும்’களையும் அதன் காலடியில் வைக்கிறேன்!

நாளைக்கு வருபவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் எழுதுங்கள், பால் குறைந்தால் எழுதுங்கள், என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுதுங்கள். நல்லது நடந்தாலும் அல்லது நடந்தாலும் மறைக்காதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்த தலைவருக்கும், உறையைக் காத்த மூவருக்கும், உண்மையைக் காத்த என் இல்லத்தரசிக்கும் நன்றி. மகளே, மூன்று ஆண்டுகளாக உன் படிவத்தில் நான் வெறும் மாட்டு உரிமையாளர். இன்று ஒரு நிமிடம் அப்பாவாக நின்று சொல்லிக்கொள்கிறேன்: உன் ஆய்விலிருந்து விலகாமல் இருந்ததுதான் நான் முழுதாக எழுதித் தேறிய ஒரே பரீட்சை.

எல்லோருக்கும் வணக்கம். காலை ஆறு மணி. மறந்துவிடாதீர்கள், மாட்டையும் ஓட்டி வாருங்கள்!