பத்துக்கோடியார் கூரையில் எழுதிய எண்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் பல் மருத்துவரின் துணைவியார் அண்ணி அவர்களே! அப்பாவின் தொழிலையே படித்துவிட்டு வந்திருக்கும் அவர் மகளே, இளைய பல் மருத்துவரே! சொந்தப் பல்லோடும் கட்டிய பல்லோடும் வந்திருக்கும் பெருமக்களே! உங்கள் தையல்காரனின் வணக்கம்.

காலையில் இந்த மகள் என்னிடம், "மாமா, அப்பா இல்லாம அந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியல. கிளினிக்கப் பூட்டிடலாம்னு இருக்கேன்" என்றாள். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

நம் மருத்துவரைப் பத்துக்கோடியார் என்று ஊரே அழைத்ததே, ஏன்? பணத்தாலா? இல்லை! நோயாளியின் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், பத்துக் கோடியே ஒன்று என்ற எண்ணை எழுதிவைத்தாரே, அதனால்! அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மீதியின்றி வகுபடாது என்பது அவர் நம்பிக்கை. நாம் வாயைத் திறந்து படுத்தால் ஒரு வகுத்தல் கொடுப்பார். மீதியை விரலால் காட்ட வேண்டும். மீதி இல்லையென்றால் கையை மூட வேண்டும். பல்வலி மறந்துபோகும். கணக்கு அதைவிட வலிக்குமே!

வேண்டிய மற்ற எண்களாலெல்லாம் வகுத்துப் பார்த்தாயிற்று. மிஞ்சிய பதினேழு என் தலையில் விழுந்தது. கடைசிப் படியில் ஐம்பத்தொன்று நின்றது. மூன்று பதினேழு! மீதியே இல்லை! கையை இறுக மூடினேன். "ஐயோ, வலிக்குதா? இருங்க, இருங்க" என்று இன்னோர் ஊசி போட்டார் அந்த மகராசர். நாக்கு மரத்துப்போனது. கூரையைப் பாருங்கள் என்று ஒரு விரலை நீட்டினேன். "மீதி ஒன்னா? அப்ப இது பகா எண்தான்!" என்று துள்ளினார்.

மறுநாள் போனால் வாசலில் 'பகா எண்தான்' என்று அறிவிப்புப் பலகை, வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய்! "டாக்டர், நேத்து நான் கை மூடுனது வலியில இல்ல. மீதி இல்லாமப் போயிருச்சு!" என்றேன். கோபித்தாரா? வெட்கப்பட்டாரா? நாற்காலியில் தாமே விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்! அதுதான் பத்துக்கோடியார்!

பதினேழால் வகுத்ததில் வந்த ஈவு 58,82,353. அண்ணி அதை 588, 2353 என இரண்டாக நறுக்கினார். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டினார். வந்தது அதே 58,82,353! "ஏங்க, வெட்டினாலும் திரும்ப ஒட்டிக்குதே!" என்று கத்தினார். உடனே அந்த எண் கூரையில் ஏறியது.

இதுவாவது பகா எண்ணா? இம்முறை ஒவ்வொரு வகுத்தலையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் விதி போட்டார். பாதிதான் முடிந்திருக்கிறது.

அம்மாடி, அவர் இல்லாத அந்த அறைக்குள் கால் வைப்பது எனக்கும் கடினம்தான். ஆனால் பாதிக் கணக்கில் பூட்டலாமா? இத்தனை பேர் இருக்கும்போது சொத்தைப் பல்லுக்கா பஞ்சம்? மீதி வகுத்தல்களை நாங்கள் முடித்துத் தருகிறோம், இது இந்தச் சபையின் உறுதிமொழி! நாளைக் காலை கதவைத் திறந்து வை. முதல் ஆளாக நான் வந்து படுக்கிறேன்.

ஒன்றே ஒன்று. நான் கையை மூடினால் ஊசியை எடுத்துவிடாதே, தாயே. முதலில் கூரையைப் பார்.