கிளுவை இறங்கும் வாரம்

முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து வாங்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஒரு அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே கம்பளிக் காலுறை போட இடம் வேண்டும் என்றுதான். பதுளை பஜாரில் பதினாறு வருடமாக இரும்புக் கடை வைத்திருக்கிறேன். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் என் கடையிலிருந்துதான் போகின்றன. ஸமீம் முதலாளி கெட்ட சாமான் தரமாட்டார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மச்சான் தாஸிமுக்கு நான் கொடுத்ததும் நல்ல சப்பாத்துதான், ஐயா. இரண்டு அளவு பெரிது, அவ்வளவுதான்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நிதானமாகவே எழுதுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆத்திரப்பட்டு எதையும் செய்கிறவன் அல்லன்.

தாஸிம் என் தங்கை ஜெமீலாவின் புருஷன். ஹல்துமுல்லையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். போன வருடம், அறுபத்தெட்டு ஒக்டோபர் கடைசியில், கிளுவை குளத்தில் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வெல்லவாயப் பக்கம் வேட்டைக்குப் போய்விட்டார். கிளுவை என்றால் வடக்கேயிருந்து வருகிற சின்ன வாத்து. முதலில் வந்திறங்குகிற கூட்டம் துவக்குச் சத்தம் அறியாதது, கிட்டப் போனாலும் எழும்பாது. அதனால்தான் அந்த முதல் வாரத்துக்கு அவ்வளவு ஆசை.

ஜெமீலாவுக்கு அது ஒன்பதாம் மாதம். அன்று பத்து மணிக்கே வலி கண்டுவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு கார் இல்லை. பக்கத்து வீட்டு லரீபா ரோட்டில் நின்று கைகாட்டி ஒரு தேயிலை லொறியை நிறுத்தும்போது மதியம் தாண்டிவிட்டது. பண்டாரவளையை எட்டுமுன் அவளும் மௌத்தானாள், வயிற்றில் இருந்த பிள்ளையும் போனது. என் ஒரே தங்கையைத் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தித் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"அல்லாட நாட்டம், மச்சான்," என்றார் தாஸிம் கபுறடியில், அவளை அடக்கிவிட்டு நிற்கும்போது. அழுதுகொண்டுதான் சொன்னார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தான் செய்ததை அல்லாஹ்வின் மேல் போடுகிறவனை எப்படி மன்னிப்பது? கையிலிருந்த மண்ணைத் தட்டும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவசரப்படவில்லை. பதறாத காரியம் சிதறாது.

எங்கள் வேட்டையில் ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்காது. சுட்டு விழுந்த பறவையை உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். செத்துவிட்டால் ஹராம், தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால் வெடி கேட்டதும் ஒருவர் கத்தியோடு தண்ணீருக்குள் ஓடுவார். எங்கள் இருவரில் சுடுகிறவன் நான், அறுக்கிறவர் தாஸிம். மார்க்கத்தில் பேணுதலான ஆள். ஓடும்போது காலடியைப் பார்க்கமாட்டார், பறவையையே பார்ப்பார். அதற்காகப் பருவம் தொடங்குமுன்பே குளத்தில் கம்பு நட்டு வைப்போம். கம்பு வரிசையோடு போனால் தண்ணீர் முழங்காலளவு, தரை கெட்டி என்று அர்த்தம்.

இந்த முறை அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கிழமை முன்பாகவே தனியாகப் போனேன். குளத்தருகில் சேனைப் பயிர்க் காவலுக்கு யாகோப்பு என்று ஒருவர் இருக்கிறார், பூனாகலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். நான் கம்புக் கட்டோடு நிற்பதைப் பார்த்து ஓடி வந்தார்.

"மொதலாளி, அந்தப் பக்கம் வேணாங்க. கோடையில செங்கல்லுக்கு மண்ணு வெட்டுன குழிங்க அது. ரெண்டாளு ஆழம் இருக்கும். இப்ப தண்ணி ஏறி, தாமரை மூடிக் கெடக்கு."

"சொன்னது நல்லது," என்று ஒரு கட்டுச் சுருட்டைக் கொடுத்து அனுப்பினேன். அவர் மறைந்த பிறகு பன்னிரண்டு கம்புகளையும் அந்தக் குழிக்கு நேராக நட்டேன். குழிக்கு அப்பால் நட வேண்டிய கடைசி மூன்றுக்கும் சுற்றிப் போக வேண்டியிருந்தது, சிரமம்தான். தாஸிமுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல் என்பதால் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளைத் துணி கட்டினேன். துவக்குக்கு எண்ணெய் போட்டேன், தோட்டாக்களை வெயிலில் காயவைத்தேன். அறுக்கும் கத்தியையும் நானே தீட்டினேன். பறவைக்கு நோகக் கூடாது.

கூப்பிட்டபோது அவர் வரவில்லை என்றார். "எனக்கு வேணாம் மச்சான். ஜெமீலா போனதுல இருந்து வெடிச் சத்தம் கேக்க ஏலாது."

"ஊட்டுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சிடும். ஒரு நாளைக்கித்தானே, வாங்க," என்றேன். வந்தார்.

காலை ஏழு மணியிருக்கும். சப்பாத்து பெரிதாக இருக்கிறது என்றார். கழன்றுவிடாமல் இருக்க நானே குனிந்து மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். பிறகு ஒரு கிளுவையை இறக்கை நுனியில் மட்டும் படும்படி சுட்டேன். கம்பு வரிசைக்கு நேரே விழுந்து துடித்தது. அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே ஓடினார். ஒன்பதாவது கம்பைத் தாண்டியதும் ஆள் இல்லை. மலையில் பிறந்து வளர்ந்தவர், நீந்தத் தெரியாது. சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தால் கால் மேலே வராது. இரண்டு தடவை "மச்சான்" என்று கூப்பிட்டார். நான் கரையில் நின்றேன். என் மனதுக்கு அன்று வந்த ஆறுதல் ஒரு வருடமாக எந்தத் தொழுகையிலும் வரவில்லை.

பறவை சிறகடித்துச் சிறகடித்துக் கரைக்கு ஒதுங்கியது. என்னிடம் வேறு கத்தி இருந்தது. உயிர் இருக்கும்போதே அறுத்தேன். அதன் பிறகுதான் யாகோப்பைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். போன வருடமும் தாஸிம் போக மறுத்ததாக லரீபா சொல்கிறாளே, உண்மையா என்று. உண்மைதான். அன்று நான் முதல் பஸ்ஸில் ஹல்துமுல்லைக்குப் போயிருந்தேன். "ஜெமீலாட மொகம் சரியில்ல, இண்டைக்கு வேணாம்," என்றார். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறதே என்றேன். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கேலி செய்தேன். ஜெமீலாவே வாசலுக்கு வந்து, அண்ணனான என்னிடம், "நானா, இண்டைக்கு மட்டும் அவர உட்டுட்டுப் போங்க," என்றாள். கிளுவை நமக்காகக் காத்திருக்குமா என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

இதையும் எழுத வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் ஐயா. சாவியைக் கொடுத்தவன்தான் நான், காரை ஓட்டியது அவர்தானே.