யார் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்

மேடம்: நான் பேரைக் கேக்கல வக்கீலே. பேர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பேர் போடாம எழுதற இந்த ஊழியர் சர்வேயை நடத்தினதே எங்க ஹெச்.ஆர். தானே.

வக்கீல்: அப்புறம் என்ன கேக்கறீங்க?

மேடம்: எழுதினவங்களைத் தேடினா கண்டுபிடிச்சிட முடியுமான்னுதான்.

வக்கீல்: அது பேரைக் கேக்கறதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மேடம்.

மேடம்: சும்மாவா உங்களுக்குப் பூட்டுன்னு பேர் வெச்சாங்க.

வக்கீல்: யாரு வெச்சது?

மேடம்: சொல்ல மாட்டேன். தனிநபர் தகவல்.

வக்கீல்: நல்லா வருதே. தகவல் பாதுகாப்பு வக்கீல் வேலைக்கு நீங்களே வந்துடலாம்.

மேடம்: வேணாம்பா... வீட்லயும் இப்படித்தானா?

வக்கீல்: நேத்து என் வீட்டுக்காரி "எங்க போயிட்டு வர்றீங்க"ன்னு கேட்டா. எதுக்காகக் கேக்கறே, எத்தனை நாள் ஞாபகம் வெச்சிருப்பே, உங்க அம்மாகிட்ட சொல்லுவியான்னு கேட்டேன்.

மேடம்: சாப்பாடு போட்டாங்களா?

வக்கீல்: நானே போட்டுக்கிட்டேன்.

மேடம்: சிரிப்புக் காட்டாதீங்க. எம்.டி. இப்ப இங்கேயே வர்றார். சர்வேல அவரைப் பத்தி வந்த அந்த ஒரு பதிலைப் படிச்சதிலேர்ந்து கொதிச்சிட்டிருக்கார்.

வக்கீல்: அவர் கைக்கு எப்படிப் போச்சு? பத்து பேருக்குக் குறைவான கூட்டமா இருந்தா, அவங்க பதிலைத் தனியாக் காட்டவே கூடாதுன்னு...

மேடம்: சொன்னீங்க. தலைமை ஆபீஸ்ல யாரோ மொத்தத்தையும் நேரா அவருக்கு அனுப்பிட்டாங்க. வயசு, மாடி, சர்வீஸ் எல்லாத்தோடயும்.

வக்கீல்: சர்வீஸைக் கேக்க வேண்டாம்னு அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே.

மேடம்: ஒரு கேள்வியில என்ன வந்துடப் போகுதுன்னு நான்தான் சேத்தேன்.

வக்கீல்: பேரே வேண்டாம் மேடம். மூணையும் சேத்தாப் போதும், ஆளு எதிர்ல வந்து நிக்கும்.

மேடம்: ...நிக்குமா?

வக்கீல்: ஏன், முகம் வெளுத்துப் போச்சு?

மேடம்: தூக்கம் இல்ல. மாமியாருக்கு டயாலிசிஸ். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு, ஏதோ ஓடுது. இந்த வேலை மட்டும் இல்லைன்னா... சரி, அதை விடுங்க. அந்தப் பதிலை நீங்க படிச்சீங்களா?

வக்கீல்: படிச்சேன்.

மேடம்: "காலையில வண்டியை நிறுத்திட்டு..."

வக்கீல்: "...இறங்க மனசு வராம ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டே உக்காந்திருக்கேன். இன்னைக்கு மீட்டிங்ல யாரை நிக்க வெச்சுக் கிழிப்பாரோன்னு பயம். வேற யாரோன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கு. அந்த நிம்மதிதான் அசிங்கமா இருக்கு."

மேடம்: மனப்பாடமே பண்ணிட்டீங்களா?

வக்கீல்: சில வரி தானா ஒட்டிக்கும்.

மேடம்: எழுதினது யாரா இருக்கும்னு ஒரு யோசனை...

வக்கீல்: யோசிக்கறதில்லைன்னு முடிவு.

மேடம்: சரி, இவர் இல்ல, அவர் இல்லைன்னாவது?

வக்கீல்: யார் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இல்ல, இல்லைன்னு ஒவ்வொருத்தராக் கழிச்சிட்டே போனா, கடைசியில மிஞ்சறவங்க கதி என்ன?

மேடம்: உஷ்... ஷூ சத்தம். வந்துட்டார்.

எம்.டி.: என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?

வக்கீல்: உக்காருங்க சார்.

எம்.டி.: உக்கார வரல. அம்பது வயசுக்கு மேல, மூணாவது மாடி, இருபது வருஷ சர்வீஸ். மூணே பேர்தான். நம்ம மேடம், இவங்களைக் கழிச்சிடுவோம். பாக்கி கணக்குக்காரர், ஸ்டோர்காரர். ஸ்டோர்காரருக்கு ரெண்டு வரி சேந்தாப்ல எழுத வராது. ஆக, கணக்குக்காரர்.

வக்கீல்: ஆகன்னா?

எம்.டி.: எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துச்சுன்னு பாத்து உறுதி பண்ணணும். கம்ப்யூட்டர் பசங்க உங்க கையெழுத்து இல்லாமத் தர மாட்டாங்களாம். போடுங்க. அடுத்த மாசம் அவரைக் கிளைக்கு மாத்திடறேன். அங்க வண்டியிலேயே குடியிருக்கட்டும்.

மேடம்: சார்... அவர் இல்ல.

எம்.டி.: எப்படிச் சொல்றீங்க?

மேடம்: அவர்... அவர் பஸ்லதானே...

வக்கீல்: மேடம், ஒரு நிமிஷம்.

எம்.டி.: இருங்க, அவங்க சொல்லட்டும். அவர் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

வக்கீல்: அவங்களுக்குத் தெரியாது சார். யாரைக் காட்டிக் கேட்டாலும் இல்லைன்னே சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். நீங்க ஸ்டோர்காரர்னு சொல்லியிருந்தாலும் இதே பதில்தான்.

எம்.டி.: ஓகோ. அப்ப நீங்க கையெழுத்தைப் போடுங்க.

வக்கீல்: முடியாது சார்.

எம்.டி.: சம்பளம் யார் தர்றது?

வக்கீல்: நீங்கதான். முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் தர்றீங்க.

எம்.டி.: பேச்சு நல்லாத்தான் இருக்கு.

வக்கீல்: சர்வேல முதல் வரியே, நீங்க யாருன்னு நாங்க தேட மாட்டோம்னு இருக்கு. கீழ என் கையெழுத்து. இப்பத் தேடினா அதுவே சட்டப்படி தப்பு. தேடிப் பிடிச்சு தண்டிச்சா, மேல எழுதி அனுப்ப வேண்டியவன் நான்.

எம்.டி.: மிரட்டறீங்களா?

வக்கீல்: என் வேலையைச் சொல்றேன் சார். அந்த மூணு பேர்ல யாரை அசைச்சாலும் காரணம் என்னன்னு எழுத்துல கேப்பேன்.

எம்.டி.: தலைமை ஆபீஸ்ல பேசிக்கறேன்.

வக்கீல்: பேசுங்க சார். அவங்க அனுப்பினதே தப்புன்னு நானும் இன்னைக்கு எழுதறேன். உங்ககிட்ட இருக்கற காப்பியை அழிச்சிடுங்க.

எம்.டி.: ...பூட்டுன்னு பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க.

மேடம்: போயிட்டார். கதவைக் கூடச் சாத்தல.

வக்கீல்: நீங்க சாத்துங்க மேடம். அப்படியே அந்தத் தண்ணி பாட்டில்...

மேடம்: முழு பாட்டிலையும் ஒரே மூச்சுல குடிச்சிட்டீங்களே.

வக்கீல்: புழுக்கம் ஜாஸ்தி.

மேடம்: ஏ.சி. காலையிலேர்ந்து ஓடிட்டுத்தானே இருக்கு.

வக்கீல்: ...அப்படியா.

மேடம்: யாரைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்கன்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே.

வக்கீல்: இப்பச் சொல்றேன், வெச்சுக்கோங்க.

மேடம்: பொய் சொல்லியிருக்கீங்க. அதுவும் நீங்க.

வக்கீல்: அது என் தனிநபர் பொய்.

மேடம்: விளையாடாதீங்க. எதுக்கு?

வக்கீல்: நீங்க இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தா, கழிச்ச ஆளைத் திரும்பக் கணக்குல சேத்திருப்பார்.

மேடம்: அப்ப உங்களுக்கு...

வக்கீல்: வேண்டாம் மேடம். வாயால சொல்லிடாதீங்க. சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்.

மேடம்: ஆகட்டும். எழுதினது நான்தான். நான் சேத்த கேள்வியில நானே போய் விழுந்தேன். பஸ்ல வர்ற மனுஷனையும் சேத்து இழுத்து விட்டிருப்பேன். நேத்து ராத்திரி பூரா, நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களா மாட்டீங்களான்னு அதே யோசனை... உண்மையைச் சொல்லுங்க. ரகசியமாத் தேடித்தானே பாத்தீங்க?

வக்கீல்: சத்தியமா எதையும் தேடல.

மேடம்: பின்ன எப்படித் தெரியும்?

வக்கீல்: கீழ பார்க்கிங்ல தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு சாம்பல் கலர் வண்டி நிக்கும் பாருங்க, அது என்னோடது. தினமும் நீங்க இறங்கிப் போறதைப் பாத்த பிறகுதான் மேடம் நானும் ஸ்டியரிங்கை விடுவேன்.