கிளாசுக்குள் ஒரு காடு

மூதூர்ப் படகு திருகோணமலை இறங்குதுறையை விட்டு விலகியபோது, எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம், “இண்டைக்கு ஒரு கிளாசுக்குள்ள காடு இருந்தது,” என்றார்.

“குடிச்சனீங்களோ?”

“இல்லை. வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்பினனான். மூண்டு அவுஸ்திரேலியா சிவப்பு வைன். மணம் பாத்துச் சொல்ல ஏலாட்டி, இனி ஹோட்டலில வைன் பரிமாற விடமாட்டன் எண்டு மனேஜர் சொன்னவரெல்லோ.”

ஒரு காய்ச்சலோடு அவருக்கு மணமே தெரியாமல் போய், ஒரு வருடமாகத் திரும்பவில்லை என்பது பேச்சிலிருந்து விளங்கியது. கடல் அலையில்லாமல் கிடந்தது. படகு நகர்வதே தெரியவில்லை.

“முதல் ரெண்டும் நாக்கில துவர்த்தது, அவ்வளவுதான். மூண்டாவதைக் கிட்டக் கொண்டுபோக, நனைஞ்ச யூக்கலிப்டஸ் இலை மணந்தது. நுவரெலியாவில மழைக்குள்ள நிக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு அப்பிடியே நிண்டிட்டன்.”

“மனேஜர் என்ன சொன்னவர்?”

“அந்தத் திராட்சைத் தோட்டத்தைச் சுத்தி அந்த மரங்கள்தானாம். திங்கக்கிழமை பழைய வேலைக்கு வரட்டாம்.”

மனைவி தன் உள்ளங்கையை அவர் முகத்தருகே நீட்டினார்.

“அப்ப இதைச் சொல்லுங்கோ பாப்பம்.”

அவர் கண்ணை மூடினார்.

“வெந்தயம்,” என்றார். பிறகு மெல்ல, “அதுக்குப் பின்னால உம்மட மணம்.”

மூதூர் தெரியத் தொடங்கிய பிறகும் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை.