நாலு போத்தல் தண்ணி

இல்ல சேர், நான் கண்ணால பாக்கல. அத மொதல்லயே எழுதிக்கங்க. நான் சொல்றதெல்லாம் எங்க தோட்டத்து அன்னலட்சுமியக்கா சொல்லிக் கேட்டதுதான். அவங்க அங்க நின்னாங்க, நான் நிக்கல. நாளைக்குக் கோர்ட்டுல பாத்தியான்னு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவேன்.

பேரு நிரஞ்சனி. ஹந்தானைத் தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ. இப்ப கெம்பஸ்ல வேல, கொளத்துத் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்றது. மாசத்துக்கு ஒருக்கா தோட்டத்து சனங்களுக்கு வகுப்பும் எடுப்பேன். கொளத்த எப்பிடிப் பாத்துக்கிறது, எதக் கொட்டக் கூடாது, அந்த மாதிரி. எங்க லயத்துல கெம்பஸ் போன மொத ஆளு நாந்தான். அதனால நான் சொன்னா கேப்பாங்க. ரொம்பவே கேப்பாங்க சேர்.

ஆமா, எங்க தோட்டத்துக் கொளந்தான். குளிக்கிறது, தொவைக்கிறது எல்லாம் அதுலதான்.

வர்றேன் சேர், அதுக்குத்தான் வர்றேன். புதன்கிழம காலையில மீனு பூரா செத்து மெதந்துச்சு. யாரோ நஞ்சு ஊத்திட்டாங்கன்னு சனம் கொதிச்சுப் போச்சு. அன்னிக்கே நான் போயித் தண்ணி எடுத்துட்டு வந்தேன். பொறகு சேதுராமன் அண்ணே எனக்குப் போன்ல கோல் எடுத்தாரு. நான் ஆரம்பிச்ச கொளத்துக் காவல் குழுவுக்கு அவருதான் தலைவரு. யாரு செஞ்சதுன்னு சொல்லுன்னாரு. திங்கக்கிழமதாண்ணே ரிசல்ட் வரும், இப்பத் தெரியாதுன்னேன். தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுப் படிச்சன்னாரு. வியாழக்கிழமையும் கேட்டாரு. வெள்ளிக்கிழம மூணு தரம்.

அந்த ஆளா? ஹுதைபா நானா சேர், மடவளைக்காரரு. எங்க சாமானெல்லாம் அவரோட த்ரீவீல்லதான் போகும். ரெண்டு வருசமா வர்றாரு. தண்ணி எடுக்க எங்க ஸ்டூடன்ஸ விட அவருக்கு நல்லாத் தெரியும். நாந்தான் பழக்குனேன். கையொறை போட்டுக்கணும். போத்தல கொளத்துத் தண்ணியிலயே மூணு தரம் அலசி ஊத்தணும், நாலாந்தரம்தான் நெறைக்கணும். நெறைச்சதும் பாசி கெட்டுப் போகாம இருக்க அயடின் மருந்து சொட்டு விடணும். சாயத் தண்ணி மாதிரி செவப்பா இருக்கும். மத்தக் கொளத்துலயெல்லாம் அவரு எறங்குவாரு. எங்க கொளத்துல மட்டும் நான் எறங்குவேன், அவரு மேல ரோட்டுல நிப்பாரு. அதனால அங்க யாருக்கும் அவரத் தெரியாது.

சனிக்கிழம வெளுக்கிற நேரம். குழுவுல ஏழெட்டுப் பேரு காவலுக்கு நின்னுருக்காங்க. பாத்தா, தெரியாத ஆளு, கையொறை, போத்தல்ல இருந்து என்னமோ கொளத்துல ஊத்துறாரு. ஒரு தரமில்ல, மூணு தரம். புடிச்சுட்டாங்க. பையக் கொட்டுனா உள்ள அந்த செவப்பு மருந்து.

மொதல்ல கையாலதான் அடிச்சாங்களாம். பொறகு மம்பட்டிப் புடி. வெலா எலும்பு ஒடைஞ்சது அதுலதான். வலது கையும். விழுந்தவர முடியப் புடிச்சு இழுத்து, தலையக் கொளத்துல அமுக்கியிருக்காங்க. மீனு இப்பிடித்தானடா துடிச்சிருக்கும்னு அமுக்குறது, தூக்குறது, மறுபடி அமுக்குறது. மூச்சு வந்தப்பெல்லாம் அவரு, அல்லாஹ்மேல ஆணை தம்பி, நஞ்சில்ல, மருந்துன்னிருக்காரு. அதுக்கு ஒருத்தன் சிரிச்சானாம். மருந்துன்னா ஒடம்புக்கு நல்லதுதானே நானா, நீயே குடின்னானாம்.

முட்டி போட வச்சு ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்க. சேதுராமன் அண்ணே தாடையத் தொறந்தாரு. மருந்துப் போத்தல் உள்ள போகல, பல்லுல இடிச்சுச்சு. முன்பல்லு ரெண்டு ஒடைஞ்சு விழுந்துச்சு. ஒடைஞ்ச வாய்க்குள்ளயே முழுப் போத்தலையும் கவுத்துட்டாங்க. வழிஞ்சதுல எது ரத்தம், எது மருந்துன்னு தெரியலன்னாங்க அக்கா.

அக்கா கத்தாம இருப்பாங்களா சேர்? போதும்டா, செத்துருவாருடான்னு கத்தியிருக்காங்க. ஒனக்கென்ன, ஒம் புருசனான்னு கேட்டானாம் ஒருத்தன்.

பொறகு உங்களுக்குச் சொல்லி, நஞ்சு ஊத்துன ஆளுன்னு அவங்களே புடிச்சுக் குடுத்தாங்க. நீங்களும் அப்பிடித்தான் எழுதியிருக்கீங்க. அவரு இப்ப ஆஸ்பத்திரி வாட்டுல கட்டிலோட வெலங்கு போட்டுக் கெடக்குறாரு. தொண்ட வெந்துருக்கு, பேச முடியாது. கை ஒடைஞ்சிருக்கு, எழுத முடியாது. நான் சொல்லலன்னா நாளைக்கு ரிமாண்ட்தான்.

மீனு யாரும் நஞ்சு ஊத்திச் சாகல சேர். இந்தாங்க, நேத்து வந்த ரிசல்ட். கொளம் பூரா பாசி பெருகி, தண்ணியில இருந்த ஒட்சிசன ராத்திரியோட ராத்திரியா தீத்துருச்சு. மீனு மூச்சு முட்டித்தான் செத்துருக்கு.

அவரு ஏன் தனியாப் போனாருன்னா, இன்னொரு தரம் தண்ணி எடுக்க நாந்தான் அனுப்புனேன். அப்பிடியே எழுதுங்க. எனக்கு அந்த சனங்க மொகத்தப் பாக்கப் பயம். நாலு போத்தல் தண்ணிதானே நானா, எடுத்துட்டு வந்துருங்கன்னேன். ஒரு கடுதாசி கூடக் குடுத்து விடல.

எம் பேர அவரு சொல்லாம இருப்பாரா? புடிச்ச ஒடனேயே சொல்லியிருக்காரு, நிரஞ்சனி மிஸ்தான் அனுப்புனாங்கன்னு. அவங்களும் ஒடனே அடிக்கல சேர். வகுப்புல நான் சொல்லியிருக்கேன், யாரும் எதையாவது ஊத்துனா புடிச்சு வைங்க, அடிக்காதீங்க, எனக்குக் கோல் எடுங்கன்னு. அப்பிடியே செஞ்சாங்க. அவரக் கல்லுல உக்கார வச்சு, ஒருத்தரு பீடி கூடக் குடுத்தாராம். நான் எடுக்கலன்னதுந்தான், பொய் சொல்றான், அந்தப் புள்ள அனுப்பியிருந்தா போன எடுத்திருக்குமேன்னு எந்திரிச்சாங்களாம்.

இந்தாங்க சேர், போனப் பாருங்க. சேதுராமன் அண்ணே நம்பர், மூணு கோல். நான் தூங்கல. போன் கையிலதான் இருந்துச்சு. மறுபடியும் மீனப் பத்திக் கேக்கத்தான் எடுக்குறாருன்னு சத்தத்தக் கொறச்சுட்டேன்.

மொத கோல் ஆறு ஒம்பதுக்கு. மொத அடி எப்ப விழுந்துச்சுன்னு அக்காகிட்ட கேட்டேன். வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டு மணி அடிச்ச பொறகுன்னாங்க. நேத்து தோட்டத்து ஆபீஸ்ல போயி விசாரிச்சேன். அன்னிக்கு மணி ஆறரைக்கு அடிச்சிருக்கு.